நாகசுரச் சக்கரவர்த்தியும் அவர்தம் தோடியும்



நம் இல்லங்களில் நிகழும் மங்கல வினைகள் எவற்றிற்கும் முன்நிற்பது நாகசுரத்தின் இன்னொலியே. மணமகனை அழைத்து வருங்காலும், மாலை மாற்றுங்காலும், மங்கல நாண் பூட்டுங்காலும் அவ்வொலி எழாதாயின் வினை நிறைவெய்தியதாக நம் முதியோர் கருதார். திருக்கோயில்களிலோ, இறைவன் துயிலுணரும் வைகறை தொடங்கிப் பள்ளியறை புகும் இரவுகாறும் பொழுதறிவிக்கும் கருவியாக அது விளங்கி வந்துள்ளது. இங்ஙனம் நம் வாழ்வோடு பின்னிக் கிடக்கும் ஒரு கருவியின் இசையைச் செவிசாய்த்துக் கேட்டவர் நம்முள் எத்துணையர்? மணப்பந்தலில் மேளம் முழங்கும்பொழுது நாம் உறவினரோடு உரத்துப் பேசுகின்றோம், பந்திக்கு விரைகின்றோம், வாசித்தவர் பெயரை வினவாமலே வீடு திரும்புகின்றோம். நாடோறும் காதில் விழுவதாலேயே நாம் கருத்திற் கொள்ளாது விட்ட இசை இது.

கருநாடக இசையிற் பழக்கமில்லாத ஒருவர் முதற்கண் கேட்டற்குரிய பதிவு ஒன்றனை மட்டும் குறிப்பிடுமாறு நம் சங்கத்து இளைஞர் சிலர் அண்மையில் என்னை வினவினர். வாய்ப்பாட்டிலும் வீணையிலும் புல்லாங்குழலிலும் பிடிலிலும் அருமையான பதிவுகள் பல உள. அவையெல்லாம் இருப்பினும், ஒன்றே கூறுக என்பார்க்கு யான் கூறும் விடையும் ஒன்றே. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையவர்கள் நாகசுரத்தில் வாசித்த தோடி இராக ஆலாபனையே அஃதாகும். இதற்குக் காரணம் கூறப் புகின், முதலில் அப்பெருமகனாரின் வரலாற்றை ஒருவாறு அறிதல் வேண்டும். அவர்தம் வாழ்வையும் அவர்தம் தோடியையும் தனித்தனியே வைத்து மதித்தல் இயலாது.

நாகப்பட்டினத்துக்கு அணித்தாக உள்ளது திருமருகல் என்னும் ஊர். திருஞானசம்பந்தர் விடந்தீர்த்த பதிகம் பாடியருளிய திருத்தலம் அது. அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள், குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாக, இசை வேளாளர் மரபில் இவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியன் என்பது. தாய்மாமனாகிய நடேச பிள்ளை அந்நாளிற் பெயர் பெற்ற நாகசுர வித்துவான். அவர் மருமகனைத் தம் மகனாகவே ஏற்று வளர்த்தார். இராஜரத்தினம் என்னும் பெயர் பின்னர் வழங்கலாயிற்று. அப்பெயரின் முன் நிற்கும் 'என்' என்னும் எழுத்து இன்றளவும் அம்மாமனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நடேச பிள்ளையின் நிழலில் நெடுநாள் வளரும் பேறு அச்சிறுவனுக்கு வாய்க்கவில்லை. இளமையிலேயே அவரை இழக்க நேர்ந்தது. ஆயினும் திருவாவடுதுறையின் சூழல் சிறுவனைக் கைவிடவில்லை. திருமூலர் வாழ்ந்த தலம் என்று போற்றப்படுவது அவ்வூர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் தமிழ் பயிற்றியதும், உ. வே. சாமிநாதையரவர்கள் அவர்பால் தமிழ் பயின்றதும் அங்குள்ள ஆதீனத்திலேயே. தமிழைப் பேணியவாறே இசையையும் பேணிய அத்திருமடம், பிற்காலத்தில் இராஜரத்தினம் பிள்ளையைத் தன் ஆஸ்தான வித்துவானாகக் கொண்டு பெருமையுற்றது.

இவர் முதலிற் பயின்றது வாய்ப்பாட்டே என்பதை வாசகர் உளங்கொள்ளல் வேண்டும். பிடில் வாசிப்பில் இணையற்று விளங்கிய திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் இவர் பாடக் கற்றார். பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். குரலாற் பாடி உளத்திற் படிந்த இராகமே பின்னர் மூச்சாகவும் விரலாகவும் வெளிப்பட்டது. அதனாலேயே அவர்தம் வாசிப்பைக் கேட்பார்க்கு, கருவி ஒன்று ஒலிக்கின்றது என்னும் எண்ணம் சிறிது நேரத்தில் மறைந்து, வலிய குரலுடையார் ஒருவர் எதிரே அமர்ந்து பாடுகின்றார் என்னும் உணர்வு தோன்றுகின்றது.

இனி, அவர் கையிலிருந்த கருவியைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். நாகசுரம் ஆச்சா மரத்தாற் கடையப்படுவது. அதன் தலையில் நாணலாற் செய்த சீவாளி பொருந்தும். அடியில் அணைசு விரிந்து நிற்கும். விரல் வைத்து வாசித்தற்குரிய துளைகள் ஏழு. அவற்றின்கீழ் ஒலி அமைதியின் பொருட்டு இடப்படும் துளைகள் ஐந்து. அந்நாளிற் பெருவழக்காயிருந்தது திமிரி என்னும் குறுகிய கருவி. நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிக்கும் அக்கருவி, ஊர்வலத்தில் நான்கு வீதியும் கேட்டற்கு ஏற்றது. ஆனால் அருகமர்ந்து நெடுநேரம் கேட்பார்க்கு அதன் ஒலி மிகக் கூர்மையானது. அன்றியும், சுத்த மத்திமம் என்னும் சுரம் அப்பழைய கருவியிற் செவ்வனே பேசுவதில்லை. வித்துவான்கள் தம் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அடக்கத்தாலுமே அக்குறையை ஒருவாறு மறைத்து வந்தனர்.

திருவாவடுதுறைக்கு அண்மையில் நரசிங்கம்பேட்டை என்றோர் ஊர் உளது. நாகசுரம் கடையும் கைவினைஞர் வழிவழியாக வாழும் ஊர் அது. அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அங்கு வாழ்ந்த அரங்கநாதன் ஆசாரி என்னும் கைவினைச் செல்வர், இராஜரத்தினம் பிள்ளையின் விருப்பத்துக்கேற்பப் பல சோதனைகள் செய்து, நீளம் மிகுந்த பாரி நாகசுரத்தைச் செப்பமுறச் செய்தளித்தார். அதன் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கிற்று. ஒலி கனமும் குழைவும் பெற்றது. சுத்த மத்திமம் தெளிவாகப் பேசிற்று. வாசிப்பவரின் செவியும் மரம் கடைபவரின் கையும் ஒன்றுபட்டதனால் விளைந்த பயன் அது. இன்று தமிழ்நாட்டில் நாம் பெரிதும் கேட்பது அப்பாரி நாகசுரமே. வித்துவானைப் போற்றும்பொழுது ஆசாரியையும் நினைதல் நம் கடனாகும்.

கருவியைத் திருத்தியதோடு அவர் அமைந்தாரல்லர். கருவியை ஏந்துவோரின் நிலையையும் திருத்த முற்பட்டார். அக்காலத்தில் நாகசுரம் வாசிப்போர் திறந்த மார்பினராய், மேலாடையை இடையிற் கட்டி, நின்றும் நடந்துமே வாசித்தல் வேண்டும் என்பது வழக்கு. பாடுவோரும் வீணை வாசிப்போரும் மேடைமீது அமர்ந்திருக்க, அவர்களுக்கு எள்ளளவும் குறையாத இசையறிவுடைய நாகசுர வித்துவான் கீழே நிற்பான். இராஜரத்தினம் பிள்ளை இவ்வழக்கை ஏற்க மறுத்தார். மேடையில் அமர்ந்து கச்சேரி செய்தார். ஒத்து ஊதுவதற்கு மாறாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். நெடுஞ்சட்டையும் வைரக் கடுக்கனும் அணிந்து மன்னர்போல வந்தார். செருக்கு எனச் சிலர் இதனைப் பழித்தனர். அஃது ஒருவரின் செருக்கன்று. ஒரு மரபினரின் முதுகெலும்பு நிமிர்ந்த நிகழ்ச்சி என்றே யான் கொள்வேன். அவர் மேடையேறிய பின்னர், அவருக்குப் பின்வந்த வித்துவான்களைக் கீழே நிற்குமாறு கூறுதல் எவர்க்கும் எளிதாயில்லை.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் அவருக்குத் துணைநின்றனர். வானொலி அவர்தம் இசையை ஊர்தோறும் கொண்டு சென்றது. 1940-ஆம் ஆண்டில் எல்லிஸ் டங்கன் இயக்கிய 'காளமேகம்' என்னும் திரைப்படத்தில் அப்புலவராகவே அவர் நடித்தார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடு விடுதலை பெற்றபொழுது, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லி சென்ற குழுவினருடன் அவரும் சென்று மங்கல இசை வழங்கினார். காருகுறிச்சி அருணாசலம் அவர்தம் மாணாக்கராய் விளங்கி, ஆசான் வழியைத் தென்பாண்டி நாட்டில் நிலைநாட்டினார். வாய்ப்பாட்டில் பெரும்புகழ் எய்திய ஜி. என். பாலசுப்பிரமணியம் அவர்களின் பாட்டில் நாகசுரத்தின் வீச்சும் விரைவும் புகுந்தமைக்கு இவரே காரணர் என இசையறிஞர் கூறுவர். பாட்டைக் கேட்டு நாகசுரம் வளர்ந்தது போக, நாகசுரத்தைக் கேட்டுப் பாட்டு வளர்ந்த காலம் அது. நாகசுரச் சக்கரவர்த்தி என்று மக்கள் அவரை அழைத்தது முகமன் உரையன்று.

இனித் தோடிக்கு வருவோம். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களுள் எட்டாவதாக நிற்பது ஹனுமத்தோடி. அதனையே நாம் தோடி என்கின்றோம். சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்பன சட்ஜத்தோடு கூடி அதன் சுரங்களாகும். இச்சுரங்களை ஏட்டில் எழுதியவாறே அசைவின்றி ஒலித்தால் தோடி பிறவாது. காந்தாரமும் தைவதமும் நிஷாதமும் தத்தம் இடத்தில் நின்றவாறே ஊசலாடுதல் வேண்டும். அவ்வசைவின் அளவு சிறிது மிகினும் குறையினும் இராகம் உருக்குலையும். ஆதலின் தோடியைக் கற்பித்தல் அரிது. கேட்டுக் கேட்டே கொள்ளல் வேண்டும். முன்னாளில் தஞ்சையில் வாழ்ந்த சீதாராமையர் என்பவர், தோடியைப் பாடுவதில்லை என்று வாக்களித்து அவ்விராகத்தையே அடகு வைத்துப் பொருள் பெற்றார் என்றும், அதனைக் கேளாது வருந்திய மன்னர் கடனைத் தீர்த்து மீட்டார் என்றும் ஒரு செய்தி வழிவழி வழங்குகின்றது. அடகு வைக்குமளவு ஒருவர்க்கு உரிய சொத்தாக ஓர் இராகம் விளங்கியது அன்று. இருபதாம் நூற்றாண்டில் அவ்வுரிமை இராஜரத்தினம் பிள்ளையினிடத்து வந்தடைந்தது.

மேலே கூறிய சுத்த மத்திமத்தை வாசகர் மறந்திரார். அச்சுரம் தெளிவாகப் பேசாத கருவியில் தோடி முழு அழகும் பெறுதல் அரிது. புதிய பாரி நாகசுரமும் அவர்தம் உள்ளத்து நிறைந்திருந்த தோடியும் ஒன்றையொன்று தேடி அடைந்தன எனலாம். கோயில் திருவிழாக்களில் இரவு முழுதும் அவர் இவ்வொரு இராகத்தையே விரித்து வாசித்ததையும், மக்கள் இடம்விட்டுப் பெயராது விடியும்வரை இருந்ததையும் நேரிற் கண்டோர் பலர் எழுதி வைத்துள்ளனர்.

அத்தகைய பெருவெள்ளம் ஒரு சிறு செம்பில் அடைபட்டதுபோல் அமைந்ததே கிராமபோன் இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அவ்வரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமும் சிறிது மிகுதியுமே அடங்கும். இரவெல்லாம் வாசிப்பார்க்கு இஃது எம்மட்டு? ஆயினும் அவர் அவ்வெல்லைக்கு அஞ்சினாரல்லர். வீண் தொடக்கமோ, கூறியது கூறலோ இன்றி, இராகத்தின் சாரத்தையே பிழிந்து தந்தார். ஊரிற் பெட்டிப்பாட்டு உள்ள இல்லங்களிலெல்லாம் அத்தோடி ஒலித்தது. திருவிழாக் காணாத ஊரினரும், மேடையருகு செல்லுதற்கு வாய்ப்பில்லாத மகளிரும் அவரை அத்தட்டினாற் கேட்டனர். வானொலியின் பொருட்டு அவர் வாசித்த நீண்ட ஆலாபனைகளும் இன்று கிடைக்கின்றன. இத்தட்டைக் கேட்டுச் சுவை கண்டபின் அவற்றிற்குச் செல்லலாம். அரக்குத் தட்டும் பெட்டிப்பாட்டும் மறைந்துபோன இந்நாளில், அத்தோடி நம் கைப்பேசியிலேயே தேடிய அளவிற் கிடைக்கின்றது. பழைய தட்டிலிருந்து எடுக்கப்பெற்றமையின் சிறிது கரகரப்பு உண்டு. அது பற்றி வெறுத்தல் வேண்டா. பழஞ்சுவடியிற் செல் அரித்த இடம் கண்டு நாம் நூலை எறிந்துவிடுகின்றோமா?

கேட்குமாறு எங்ஙனம் எனின், மாணாக்கர்க்குக் கூறுவதுபோல் மூன்று முறை கேட்குமாறு கூறுவேன். முதன்முறை யாதும் ஆராயாது, விளக்கைத் தணித்து, வேறு வினையின்றி அமர்ந்து கேளுங்கள். இரண்டாம் முறை அவர் செல்லும் வழியைக் கவனியுங்கள். ஒரு சுரத்தில் நின்று அதனைச் சுற்றி வந்து, அதற்கு மேற்பட்ட சுரத்துக்குப் படிப்படியாக ஏறி, மேல்நிலைச் சட்ஜத்தைத் தொட்டு, அதற்கும் அப்பாற் சென்று, பின்னர் மீண்டு கீழிறங்கி அமைதியுறும் அச்செலவு, கோபுரத்தின் நிலைதோறும் ஏறி இறங்குவதை ஒக்கும். மூன்றாம் முறை மூச்சை மட்டும் கவனியுங்கள். நீண்டு நிற்கும் கார்வையில் ஒலி சிறிதும் நடுங்காமையையும், அடுத்த கணமே பிருகாக்கள் மணி மணியாக உதிர்வதையும், அவற்றுள் ஒன்றும் மற்றொன்றோடு குழம்பாமையையும் காண்பீர்கள். இவ்வளவும் ஒரு மனிதரின் நெஞ்சிலிருந்து எழுந்த காற்று என்று எண்ணும்பொழுது வியப்பு மேலிடும். சிறுவர் சிறுமியரையும் உடன் அமர்த்துங்கள். சொல்லற்ற இசையாதலின், மொழியோ கல்வியோ அவர்க்குத் தடையாகாது. வாய்ப்பாட்டை விடுத்து இதனை முதலிற் கூறியமைக்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியோர் வரலாற்றைக் கூறுவோர் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. இராஜரத்தினம் பிள்ளை சினம் மிக்கவர். ஒப்புக்கொண்ட கச்சேரிக்குச் சிற்சில வேளை வாராதொழிந்தவர். ஈட்டிய பெரும்பொருளை எண்ணாது இறைத்தவர். தம் உடலையும் அவர் பேணினாரல்லர். இவற்றை நம் இளைஞர் பின்பற்றுதல் வேண்டா. ஆயினும், அவமதிப்பைப் பொறாத அதே நெஞ்சமே நாகசுரத்தை மேடையேற்றிற்று என்பதையும் மறத்தல் கூடாது. 1956-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், சென்னையில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். கோடிக்கணக்கான உள்ளங்களைக் குளிர்வித்தவர் பிற்காலத்துக்கெனப் பொருள் சேர்த்து வைத்திலர். அவர் விட்டுச் சென்ற செல்வம் இசையே.

அச்செல்வத்துக்கு நாம் அனைவரும் உரிமையுடையோம். உரிமையுண்டாயிற் கடமையும் உண்டு. இன்று நம் திருமண மண்டபங்களில் மேளக்காரர்க்கு அளிக்கப்படும் இடம் யாது? வாயிலோரத்தில் ஒரு பாய். அவர்க்கு எதிரே ஒலிபெருக்கியிற் சினிமாப் பாட்டு. ஆலாபனை நடுவே நிறுத்துமாறு ஒரு கையசைப்பு. பந்தியில் இறுதி வரிசை. இவற்றைக் காணும் வித்துவானின் மகன் தந்தையின் குழலை ஏன் கையில் எடுப்பான்? திருமருகலிற் பிறந்த ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் போராடி ஏற்றிய இடத்திலிருந்து அக்கருவியை நாமே மீண்டும் கீழே இறக்குகின்றோம் என்பதை உணர்ந்திலோம். இதில் அரசைக் குறை கூறிப் பயனில்லை. மணவீட்டார் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது இது.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்வது யாதெனின், இத்திங்களில் ஒரு மாலைப்பொழுது குடும்பத்தோடு அமர்ந்து அத்தோடியைக் கேளுங்கள். அடுத்து உங்கள் இல்லத்தில் நிகழும் மணவிழாவில் மேளம் வாசிப்போர்க்கு மேடையில் இடம் கொடுங்கள். அழைப்பிதழில் அவர்தம் பெயரைப் பொறியுங்கள். மாலை வரவேற்பில் ஒரு மணி நேரமேனும் ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்தி, ஓர் இராகத்தை முழுமையாக வாசிக்குமாறு அவரை வேண்டுங்கள். உறவினரையும் அமைதியாக அமர்ந்து கேட்கச் செய்யுங்கள். தோடியை வாசிக்குமாறு கேட்பீராயின், கேட்டவர் செவியுடையார் என்றறிந்து அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள். அம்மலர்ச்சியே இராஜரத்தினம் பிள்ளையவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.

நாகசுரம் நம் இல்லங்களில் என்றும் ஒலிப்பதாக! அதனை ஒலிப்பிப்போர் பீடும் பெருமையும் பெற்று வாழ்வாராக!